மாத்திரை மேல ஒரு ஃபிலிம்: துகள் சைஸ் ஏன் இவ்வளவு முக்கியம்?

வடபழனின்னா ஃபிலிம். இதை நம்ம காலேஜ்ல யார்கிட்ட கேட்டாலும் சொல்லுவாங்க. ஏவிஎம், விஜயா வாகினி, பிரசாத்னு ஸ்டூடியோக்களும் லேபுகளும் நிறைஞ்சிருந்த ஏரியா. விஜயா ஸ்டூடியோ நடத்திய நாகிரெட்டி 1972-ல் அதே வடபழனியில் விஜயா மருத்துவமனையையும் தொடங்கினார். இன்னைக்கு ஆற்காடு சாலையில நடந்தா, சினிமா போஸ்டர்களுக்கு இணையா மருந்துக்கடை போர்டுகளும் கண்ணில் படும். அந்தக் கடைகளுக்குள்ளயும் ஆயிரக்கணக்கில் ஃபிலிம் இருக்கு. பல மாத்திரைகளின் மேல நம்ம தலைமுடியை விட மெல்லிசா ஒட்டிக்கிட்டு இருக்கும் பாலிமர் ஃபிலிம்.

இந்த ரெண்டு ஃபிலிமுக்கும் சொந்தம் இருக்குங்கறதுதான் வேடிக்கை. பழைய சினிமா சுருள் நைட்ரோசெல்லுலோஸில் செய்தது, சட்டுனு தீப்பிடிக்கும். அதுக்கு மாற்றா கோடக் நிறுவனம் 1948-ல் செல்லுலோஸ் ட்ரை-அசிடேட் சுருளைக் கொண்டுவந்தது. அதுக்கு முன்னாடியே, 1940-ல், அதே கோடக் செல்லுலோஸ் அசிடேட் தாலேட் என்ற பொருளை மாத்திரைக்கு மேல் பூசக் காப்புரிமை வாங்கியிருந்தது. வயிற்று அமிலத்தில் கரையாது, குடலுக்குப் போனதும் கரையும். கேமராவுக்குள்ள ஓடிய பாலிமரும் வயித்துக்குள்ள போன பாலிமரும் ஒரே குடும்பம்.

சினிமா ஃபிலிமில் வெள்ளி உப்புத் துகள் பெருசா இருந்தா படம் 'கிரெய்ன்' அடிக்கும். மாத்திரை ஃபிலிமிலும் துகள் அளவு தப்பினா பிரச்சினை வரும். இங்கே கெடுறது படம் இல்லை, நோயாளிக்குப் போய்ச் சேர வேண்டிய மருந்து. இந்தக் கட்டுரை அதைப் பத்தித்தான். கெமிக்கல், மெக்கானிக்கல், பயோடெக் யாரா இருந்தாலும் படிக்கலாம். பிளஸ் டூ இயற்பியல் போதும்.

எதுக்கு இந்தக் கோட்டிங்?

ஒரு காலத்தில் மாத்திரைக்குச் சர்க்கரைப் பாகுதான் பூசினாங்க. ஜீரக மிட்டாய் செய்யற மாதிரியேதான்: சுழலும் சட்டியில் மாத்திரையைப் போட்டு, பாகை ஊத்தி, காயவிட்டு, திரும்ப ஊத்தி... ஒரு பேட்ச் முடிய நாள்கணக்கில் ஆகும். மாத்திரையின் எடையும் பாதிக்குப் பாதி கூடிடும். 1954-ல் அபாட் நிறுவனம் பாலிமர் ஃபிலிம் பூசிய மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதில் எடை கூடுறது வெறும் 2 முதல் 4 சதவீதம். வேலையும் சில மணி நேரத்தில் முடிஞ்சிடும். அதுக்கப்புறம் சர்க்கரைக் கோட்டிங் மெல்ல மெல்ல ஒதுங்கிடுச்சு.

கோட்டிங் மூணு விதமான வேலை செய்யும்.

முதல் வகை, சும்மா போர்வை. கசப்பை மறைக்கும், ஈரத்தைத் தடுக்கும், கலர் கொடுக்கும். இது தண்ணியில் கரையற ஹைப்ரோமெல்லோஸ் மாதிரி பாலிமர். வயித்துக்குப் போன சில நிமிஷத்தில் கரைஞ்சு போயிடும்.

ரெண்டாவது வகை, காவல்காரன். வயித்து அமிலத்தைத் தாண்டி, குடலில் பி.எச். 5.5-க்கு மேல் போனதும் கரையும். இதை 'என்டெரிக் கோட்டிங்'னு சொல்லுவாங்க. நம்ம வீட்டில் 'கேஸ் மாத்திரை'ன்னு சொல்ற ஒமெப்ரசோல், பேன்டோப்ரசோல் எல்லாம் இந்த வகை.

மூணாவது வகை, சொட்டு நீர்ப் பாசனம். ஃபிலிம் கரையவே கரையாது. அதன் வழியா மருந்து கொஞ்சம் கொஞ்சமா 8 மணி நேரம், 12 மணி நேரம், 24 மணி நேரம்னு கசிஞ்சு வரும். அட்டையில எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.எல். என்று போட்டிருக்கும் மாத்திரைகளில் ஒரு பகுதி இப்படி வேலை செய்யறதுதான்.

போர்வையில் சின்ன ஓட்டை இருந்தா பெரிய நஷ்டம் இல்லை. காவல்காரனிலும் சொட்டு நீரிலும் ஓட்டை விழுந்தா கதையே வேற. ஒமெப்ரசோல் மூலக்கூறு பி.எச். 4-க்குக் கீழே 10 நிமிஷத்துக்குள்ள பாதி சிதைஞ்சிடும். ஃபிலிமில் விரிசல் இருந்தா மருந்து வயித்திலேயே செத்துப் போகும். 'மாத்திரை கேக்கவே இல்லை டாக்டர்'னு நோயாளி திரும்பி வருவார், டோஸ் கூடும். சொட்டு நீர் வகையில் ஓட்டை விழுந்தா நேர் எதிர்: நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே மூச்சில் ரத்தத்தில் இறங்கிடும். ரத்த அழுத்த மருந்தில் இப்படி நடந்தா மயக்கம் போட்டு விழற அளவுக்குப் போகலாம்.

கரைசலில் இருந்து பாலுக்கு

ஆரம்ப காலத்தில் பாலிமரை அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், டைகுளோரோமீத்தேன் மாதிரி கரைப்பான்களில் கரைச்சுத்தான் பூசினாங்க. ஃபிலிம் அருமையா வரும். ஆனா கோட்டிங் அறையில் நிக்கிற தொழிலாளி அந்த ஆவியைத்தான் சுவாசிக்கணும். தீப்பிடிக்கும் அபாயம், காற்று மாசு, மாத்திரையில் தங்கிப்போகும் கரைப்பான்னு பிரச்சினை நீண்டுக்கிட்டே போச்சு. அமெரிக்காவில் 1970-ல் தூய காற்றுச் சட்டம் கடுமையானதும் எல்லாரும் தண்ணியை நோக்கித் திரும்பினாங்க.

ஆனா தண்ணியில் கரையாத பாலிமரைத் தண்ணியை வச்சே எப்படிப் பூசுறது? இதுக்கு விடை பால் மாதிரி ஒரு திரவம். கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்தில் மரத்தைக் கீறினா வடியற ரப்பர் பாலைப் பார்த்திருப்பீங்க. அதில் ரப்பர் கரைஞ்சு இல்லை; கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளா மிதக்குது. அதே மாதிரி மருந்துப் பாலிமரையும் நுண்ணிய உருண்டைகளாத் தண்ணியில் மிதக்க விடுறாங்க. இதைத்தான் லேடெக்ஸ் அல்லது டிஸ்பெர்ஷன்னு சொல்றோம்.

இந்தத் துறையில் பிரபலமான பேரு யூட்ராஜிட். ஜெர்மனியின் ரோம் நிறுவனத்தின் தயாரிப்பு. இப்போ எவோனிக் கையில் இருக்கு. இதுக்கும் தோல் தொழிலுக்கும் ஒரு தொடர்பு உண்டு, ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்து நண்பர்கள் கவனிக்கணும். ஓட்டோ ரோம் 1907-ல் கம்பெனியை ஆரம்பிச்சது மருந்துக்காக இல்லை. தோலை மென்மையாக்க அந்தக் காலத்தில் நாய் எச்சத்தைப் பயன்படுத்துவாங்க. அதுக்குப் பதிலா என்சைம் தூள் விற்கத்தான். அப்புறம் அக்ரிலிக் பாலிமர், பிளெக்ஸிகிளாஸ், 1950களில் யூட்ராஜிட் என்று வளர்ந்தது. தோலுக்குப் பளபளப்பு கொடுக்க இன்னைக்கும் அக்ரிலிக் லேடெக்ஸ்தான் பூசுறாங்க. அடையாறில் 1948-ல் தொடங்கின மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனா, தோல் மேல ஃபிலிம் எப்படி உருவாகுதுன்னு அங்கே பேசற இயற்பியலும் மாத்திரை மேல ஃபிலிம் உருவாகற இயற்பியலும் ஒண்ணுதான்.

உருண்டைகள் ஒண்ணு சேர்வது எப்படி?

ஃபெவிகால் எல்லாருக்கும் தெரியும். டப்பாவில் வெள்ளையா இருக்கு, காஞ்சதும் கண்ணாடி மாதிரி ஆகுது. ஏன்? டப்பாவில் பாலிமர் உருண்டைகள் தனித்தனியா மிதக்குது. ஒளி அதில் பட்டுச் சிதறுது, அதனால வெள்ளை. காயும்போது உருண்டைகள் நசுங்கி, இடைவெளி மறைஞ்சு, ஒரே படலமாகுது. சிதற இடமில்லை, அதனால தெளிவு. குளிர் நாடுகளில் ரொம்பக் குளிர்ந்த நாளில் இதே மாதிரி பசையைப் போட்டா சாக்பீஸ் மாதிரி வெள்ளையாவே காஞ்சு உதிரும். உருண்டைகள் நசுங்கலைன்னு அர்த்தம்.

மாத்திரை மேலயும் இதே மூணு கட்டம்தான்.

ஒண்ணு: தண்ணி ஆவியாகி, உருண்டைகள் நெருங்கி அடுக்காகும். கடையில் சாத்துக்குடி அடுக்கி வச்ச மாதிரி. எவ்வளவு நெருக்கமா அடுக்கினாலும் ஒரே சைஸ் உருண்டைகள் 74 சதவீத இடத்தைத்தான் அடைக்கும். தாறுமாறா விழுந்தா சுமார் 64 சதவீதம். மிச்சம் இடைவெளி.

ரெண்டு: அந்த இடைவெளியில் மாட்டின கடைசித் தண்ணி உருண்டைகளை ஒண்ணோட ஒண்ணு இழுக்கும். ஈர மணலில் வீடு கட்ட முடியுது, காஞ்ச மணலில் முடியாதுன்னு மெரினாவில் எல்லாரும் பார்த்ததுதான். அந்த இழுவிசையில் உருண்டைகள் நசுங்கித் தேன்கூடு மாதிரி ஆகும்.

மூணு: பக்கத்துப் பக்கத்து உருண்டைகளின் பாலிமர் சங்கிலிகள் எல்லை தாண்டிப் பின்னிக்கும். இதுக்குப் பிறகுதான் அது உண்மையான ஃபிலிம். அதுக்கு முன்னாடி வரை அது ஒட்டி நிக்கிற கூட்டம், அவ்வளவுதான்.

துகள் அளவு ரெண்டாம் கட்டத்தில்தான் முதல் தடவை கைவரிசை காட்டும். ஈரத்தின் இழுவை அழுத்தம் ஆரத்துக்கு எதிர்விகிதம். ஒரு சுமார் கணக்குப் போடுவோம். தண்ணியின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.072 நியூட்டன். அதை ரெண்டால் பெருக்கி ஆரத்தால் வகுக்கணும். 1 மைக்ரான் விட்டமுள்ள துகளுக்கு சுமார் 2.8 வளிமண்டல அழுத்தம் வரும். 200 நானோமீட்டர் துகளுக்கு சுமார் 14. நம்ம வீட்டுக் குக்கர் விசில் அடிக்கறப்போ உள்ளே கூடுதலா இருக்கறது சுமார் 1 வளிமண்டலம்தான்னு ஞாபகம் வச்சுக்கோங்க. நிஜத்தில் சோப்பு மாதிரிப் பொருள்கள் கலந்திருப்பதால் பரப்பு இழுவிசை குறையும், எண்ணும் மாறும். ஆனா விகிதம் மாறாது: துகளை அஞ்சில் ஒரு பங்கா ஆக்கினா நசுக்கும் விசை அஞ்சு மடங்கு.

இன்னொரு லாபமும் இருக்கு. 30 மைக்ரான் தடிமனான ஃபிலிமில் 1 மைக்ரான் துகள்னா சுமார் 30 அடுக்கு. 100 நானோமீட்டர் துகள்னா 300 அடுக்கு. ஒரு அடுக்கில் ஓட்டை விழுந்தாலும் மேல இருக்கற அடுக்குகள் மூடிடும். அதனாலதான் கடையில் கிடைக்கிற என்டெரிக் அக்ரிலிக் லேடெக்ஸ் சுமார் 100 நானோமீட்டரிலும், எத்தில் செல்லுலோஸ் டிஸ்பெர்ஷன் சுமார் 200 நானோமீட்டரிலும் இருக்கு.

சின்னதாக்கிட்டே போனா நல்லதுதானே?

இல்லை. இங்கேதான் இன்ஜினியரிங் ஆரம்பிக்குது.

ஒரு கிராம் பாலிமரை 200 நானோமீட்டர் உருண்டைகளா உடைச்சா மொத்தப் பரப்பு சுமார் 27 சதுர மீட்டர், அதாவது 290 சதுர அடி. வடபழனியில் ஒரு சின்ன ரூம் மாதிரி. 100 நானோமீட்டர் ஆக்கினா 590 சதுர அடி, ஒரு பெட்ரூம் வீடு. 50 நானோமீட்டர் ஆக்கினா 1,170 சதுர அடி, தாராளமான ரெண்டு பெட்ரூம் வீடு. எல்லாம் ஒரே ஒரு கிராமில்!

அந்தப் பரப்பு முழுக்க உருண்டைகள் ஒட்டிக்காம இருக்க சோப்பு மாதிரி பொருள் போர்த்தணும். பரப்பு கூடக் கூட சோப்பும் கூடணும். ஃபிலிம் காஞ்ச பிறகு அந்த சோப்பு எங்கயும் போகாது, உள்ளேயே தங்கும். மாத்திரை வயித்துக்குப் போனதும் அது கரைஞ்சு வெளியேறி, தான் இருந்த இடத்தில் நுண்துளையை விட்டுட்டுப் போகும். ஓட்டை இல்லாம இருக்கத் துகளைச் சின்னதாக்கினா, வேற வழியில் ஓட்டை வருது. தவிர, துகள் ரொம்பச் சின்னதானா திரவம் கெட்டியாகும். ஸ்பிரே முனை அடைக்கும். பாலிமர் கெட்டியா இருந்து துகளும் பொடியா இருந்தா, அந்த அதிக இழுவிசையே ஃபிலிமைக் கிழிச்சு, வறண்ட ஏரி மாதிரி விரிசல் போட வைக்கும்.

ஒரே சைஸ் உருண்டையை விட, பெருசும் சின்னதும் சரியான விகிதத்தில் கலந்தா இன்னும் நெருக்கமா அடுக்கும். கான்கிரீட்டில் ஜல்லிக்கு நடுவில் மணல், மணலுக்கு நடுவில் சிமென்ட்னு சிவில் நண்பர்கள் சொல்ற அதே தத்துவம்.

வெப்பநிலை என்ற பெரிய அண்ணன்

துகள் அளவு எவ்வளவு சரியா இருந்தாலும், பாலிமர் மென்மையா இல்லைன்னா நசுங்காது. ஒவ்வொரு லேடெக்ஸுக்கும் ஃபிலிம் உருவாகத் தேவையான குறைந்தபட்ச வெப்பநிலை ஒண்ணு உண்டு. யூட்ராஜிட் என்.ஈ. வகைக்கு அது சுமார் 5 டிகிரி செல்சியஸ். ஆர்.எஸ். வகைக்கு சுமார் 45. துகளைச் சின்னதாக்கினா இந்த எண் கொஞ்சம் இறங்கும். ஆனா அதைப் பெரிய அளவில் தீர்மானிக்கறது பாலிமரின் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலைதான். அதனாலதான் ட்ரைஎத்தில் சிட்ரேட் மாதிரி பிளாஸ்டிசைசர் சேர்த்துப் பாலிமரை இளக்குறாங்க. கோட்டிங் இயந்திரத்தில் மாத்திரைப் படுகையின் சூட்டையும் அந்தக் குறைந்தபட்ச வெப்பநிலையை விட 10 முதல் 20 டிகிரி மேலே வச்சுக்கறது வழக்கம்.

மூணாவது கட்டம் முடியறதுக்கு முன்னாடி மாத்திரையைப் பேக் பண்ணிட்டா என்ன ஆகும்? இது ரொம்ப நுட்பமான ஆபத்து. தொழிற்சாலையில் சோதிக்கும்போது மருந்து ஒரு வேகத்தில் வெளியே வரும். அலமாரியில் மாசக்கணக்கில் இருக்கும்போது சங்கிலிகள் மெதுவா பின்னிக்கிட்டே இருக்கும். ஆறு மாசம் கழிச்சு அதே மாத்திரையில் மருந்து மெதுவா வரும். ஒரே பேட்ச், ஒரே அட்டை, ரெண்டு விதமான நடத்தை. இதைத் தவிர்க்கத்தான் பூசின பிறகு 'க்யூரிங்'. வகையைப் பொறுத்து 40 டிகிரியில் ஒரு நாளோ, 60 டிகிரியில் ரெண்டு மணி நேரமோ சூடான இடத்தில் வச்சு, பின்னல் வேலையை அங்கேயே முடிச்சிடுவாங்க. பிறகு 40 டிகிரி, 75 சதவீத ஈரப்பதத்தில் ஆறு மாசம் வச்சுப் பார்க்கற வேகச் சோதனையும் உண்டு. நம்ம சென்னை மே மாசத்துக்குப் பழகின எண்கள்தான்!

கூட வர்ற துகள்கள்: டால்க், டைட்டானியம்

இதுவரை பாலிமர் துகளைப் பத்திப் பேசினோம். கோட்டிங் திரவத்தில் வேற துகள்களும் இருக்கு. மாத்திரைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க டால்க், வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டையாக்சைடு. மருந்து அட்டையில் பொடி எழுத்தில் 'நிறம்: டைட்டானியம் டையாக்சைடு' என்று இருக்கும், அடுத்த தடவை தேடிப் பாருங்க.

டைட்டானியம் டையாக்சைடு துகள் 0.2 முதல் 0.3 மைக்ரான். ஒளியைச் சிதறடிக்க மிகச் சரியான அளவு. டால்க் பெருசு, பல மைக்ரான்கள் இருக்கும். 30 மைக்ரான் ஃபிலிமில் 40 மைக்ரான் டால்க் கட்டி ஒண்ணு மாட்டினா, அது சுவரில் துருத்தி நிக்கிற கல் மாதிரி. அதைச் சுத்திதான் முதல் விரிசல் வரும். நல்லா அரைச்ச டால்க் தட்டுத் தட்டாப் படுத்துக்கிட்டா அதே டால்க் நல்லது செய்யும்: ஈரம் நேரா உள்ளே வர முடியாம வளைஞ்சு வளைஞ்சு வர வேண்டியிருக்கும்.

துகள் அளவு இன்னொரு இடத்திலும் கண்ணாமூச்சி ஆடும். ஸ்டோக்ஸ் விதிப்படி படியற வேகம் விட்டத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம். 20 மைக்ரான் டால்க் துகளை உருண்டைன்னு வச்சுக்கிட்டா, தண்ணியில் 10 சென்டிமீட்டர் கீழே இறங்க சுமார் நாலரை நிமிஷம். 200 நானோமீட்டர் பாலிமர் துகள் அதே தூரம் இறங்க, கணக்குப்படி ஒன்றரை வருஷம். நிஜத்தில் நீர் மூலக்கூறுகள் இடிச்சுக்கிட்டே இருக்கறதால அது படியவே படியாது. ஆக, கலக்கியை நிறுத்திட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்தா, டேங்கின் அடியில் டால்க், மேலே வெறும் பாலிமர். முதலில் ஸ்பிரே ஆகற மாத்திரைக்கும் கடைசியில் ஸ்பிரே ஆகற மாத்திரைக்கும் கோட்டிங்கே வேற.

'அப்போ வேகமா கலக்கிடலாமே'ன்னு மெக்கானிக்கல் நண்பர்கள் கேப்பாங்க. டால்க்கை வேகமா அடிக்கலாம், அடிக்கணும். ஆனா லேடெக்ஸை அப்படி அடிச்சா தயிர் கடைஞ்ச மாதிரி உருண்டைகள் ஒட்டித் திரிஞ்சு போயிடும். அதனால டால்க்கைத் தண்ணியில் தனியா ஹோமோஜினைசரில் அடிச்சு, அப்புறம் அதைப் பாலிமரில் மெதுவா ஊத்திக் கலக்கணும். வரிசை மாறக் கூடாது.

டைட்டானியம் டையாக்சைடு இப்போ உலக அளவிலும் பேசப்படுற துகள். அதில் ஒரு பகுதி நானோ அளவில் இருப்பதையும் கணக்கில் எடுத்துக்கிட்டு, மரபணுவைப் பாதிக்கும் வாய்ப்பை ஒதுக்க முடியலைன்னு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 2021-ல் சொன்னது. 2022-ல் ஐரோப்பிய ஒன்றியம் உணவில் அதைத் தடை செய்தது. மருந்தில் மட்டும், மாற்று கிடைக்கும் வரை அனுமதி தொடருது. கால்சியம் கார்பனேட் போன்ற மாற்றுகளை வச்சுப் பார்க்கிறாங்க. அதே வெண்மை வேணும்னா அதிகமாப் போடணும், அதிகமாப் போட்டா ஃபிலிம் நொறுங்கும். இறுதி ஆண்டு புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடறவங்களுக்கு இதோ ஒண்ணு.

பூசப்படுற துகளும் முக்கியம்

கேப்சூலைத் திறந்தா உள்ளே கடுகு மாதிரி உருண்டைகள் கொட்டும், பார்த்திருப்பீங்க. 1988-ல் ஒமெப்ரசோல் முதன்முதலில் சந்தைக்கு வந்தபோதும் இப்படி என்டெரிக் பூச்சுள்ள உருண்டைகளாத்தான் வந்தது. இந்த உருண்டைகளைக் காற்றில் மிதக்க விட்டு, கீழிருந்து ஸ்பிரே அடிக்கும் முறை அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் டேல் வர்ஸ்டர் 1950களில் கண்டுபிடிச்சது. இன்னைக்கும் 'வர்ஸ்டர் கோட்டர்'னே சொல்றாங்க.

இதில் ஒரு பொறி இருக்கு. கோட்டிங்கை நாம எடை சதவீதத்தில் அளக்கிறோம். ஆனா அமிலத்தைத் தடுக்கறது எடை இல்லை, தடிமன். பூச்சின் அடர்த்தியும் உருண்டையின் அடர்த்தியும் ஒண்ணுன்னு வச்சுக்குவோம். 1 மில்லிமீட்டர் உருண்டைக்கு 12 சதவீத எடை ஏத்தினா தடிமன் சுமார் 19 மைக்ரான். அரை மில்லிமீட்டர் உருண்டைக்கு அதே 12 சதவீதம் ஏத்தினா 10 மைக்ரானுக்கும் கீழே. பாதி சைஸ், பாதிப் பாதுகாப்பு. சின்ன உருண்டைக்கு எடைக்கு ஏத்த பரப்பு அதிகம் என்பதுதான் காரணம். பெரிய பந்துக்கும் கோலிக்குண்டுக்கும் பெயின்ட் அடிச்சுப் பாருங்க, புரியும்.

அதனால கோட்டிங்குக்கு முன்னாடி உருண்டைகளைச் சல்லடையில் சலிச்சு, பொடியை நீக்கறது வெறும் சடங்கு இல்லை. சப்ளையர் இந்த மாசம் கொஞ்சம் பொடி கலந்த உருண்டையை அனுப்பினா, ரெசிபி மாறாமலே, இயந்திரம் மாறாமலே, மருந்து மாறிப் போகும். சராசரி எடை பார்த்தா எல்லாம் சரியா இருக்கும். சராசரிக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருக்கற மெல்லிய பூச்சு உருண்டைகள் மட்டும் வயித்தில் தோத்துப் போகும்.

ஸ்பிரே துளியும் ஒரு துகள்தான். துளி பெருசானா மாத்திரை நனைஞ்சு ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். ரொம்பச் சின்னதானா மாத்திரையைத் தொடறதுக்கு முன்னாடியே காத்தில் காஞ்சு பவுடராப் போயிடும். தோசை வார்க்கறப்போ கல்லு சூட்டையும் மாவு பதத்தையும் சேர்த்துப் பார்க்கிற அதே கைப்பக்குவம்தான் இங்கே எண்களா மாறியிருக்கு.

யார் சோதிப்பாங்க?

துகள் அளவை லேசர் ஒளிச்சிதறல் மூலமா அளக்கிறாங்க. நானோ அளவு துகளுக்கு, அது தண்ணியில் எவ்வளவு வேகமா துள்ளுதுன்னு பார்த்து அளவைக் கணிக்கும் கருவி உண்டு. ஆனா இறுதித் தீர்ப்பு சொல்றது எளிமையான சோதனை: என்டெரிக் மாத்திரையை உடல் சூட்டில் 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ரெண்டு மணி நேரம் வைக்கணும். உடையக் கூடாது, விரிசல் விடக் கூடாது. பிறகு பி.எச். 6.8 கரைசலில் போட்டா ஒழுங்கா கரையணும். இந்தியாவில் இந்த வரையறைகளைத் தருவது இந்திய மருந்தியல் நூல். அதை வெளியிடும் ஆணையம் காசியாபாத்தில் இருக்கு. ஜெனரிக் மருந்தும் பிராண்டு மருந்தும் ஒரே மூலக்கூறு என்பது உண்மை. ஃபிலிம் ஒண்ணா இருக்கணும்னு கட்டாயம் இல்லை, சோதனையில் தேறணும் என்பதுதான் கட்டாயம். நல்ல பேட்ச் என்பது விலையைப் பொறுத்தது இல்லை. சலிச்ச சல்லடையையும் நிக்காத கலக்கியையும் பொறுத்தது.

நம்ம வீட்டுக்கு என்ன?

இவ்வளவு கஷ்டப்பட்டு 300 அடுக்குல கட்டின ஃபிலிமை, வீட்டில் நாம ரெண்டு செகண்டில் உடைச்சிடறோம். பாட்டிக்கு முழுங்கக் கஷ்டமா இருக்குன்னு கரண்டியால் நசுக்கித் தேனில் குழைச்சுக் கொடுக்கறது நம்ம ஊரில் சகஜம். சாதாரண ஃபிலிம் போர்த்திய மாத்திரைன்னா பெரும்பாலும் கசப்புதான் நஷ்டம். என்டெரிக்கையோ எஸ்.ஆர். வகையையோ நசுக்கினா, முன்னாடி சொன்ன ரெண்டு ஆபத்தும் அப்படியே வரும்.

ஞாபகம் வச்சுக்க வேண்டியது நாலே விஷயம்.

அட்டையில் 'கேஸ்ட்ரோ-ரெசிஸ்டன்ட்', 'என்டெரிக் கோட்டட்', 'டிலேய்டு', 'சஸ்டெய்ன்டு', 'எக்ஸ்டெண்டட்', 'புரோலாங்டு' எதுவும் இருந்தா நசுக்காதீங்க, மெல்லாதீங்க.

பாதியா உடைக்கலாமான்னு மருந்தாளுநர்கிட்ட கேளுங்க. மெட்டோபுரோலால் மாதிரி சில மருந்துகளில், தனித்தனியாப் பூசின நூத்துக்கணக்கான உருண்டைகளைச் சேர்த்து அழுத்தின மாத்திரைகள் உண்டு. அதை நடுக்கோட்டில் பாதியாக்கலாம், ஆனா நசுக்கக் கூடாது. ஒரே ஃபிலிம் போர்த்தினதைப் பாதியாகவும் ஆக்கக் கூடாது. வெளியில பார்த்து ரெண்டையும் கண்டுபிடிக்க முடியாது.

முழுங்க முடியலைன்னா, மூக்குக் குழாய் வழியா மருந்து கொடுக்க வேண்டியிருந்தா, டாக்டர்கிட்ட முன்னாடியே சொல்லுங்க. சிரப், கரையும் மாத்திரைன்னு மாற்று வடிவம் பல மருந்துகளுக்கு இருக்கு.

'30 டிகிரிக்குக் கீழே வைக்கவும்' என்ற வரிக்கு அர்த்தம் இருக்கு. வெயிலில் நிக்கிற வண்டியின் டிக்கியிலும், அடுப்புக்கு மேல இருக்கற அலமாரியிலும் மாத்திரை அட்டையை வைக்காதீங்க. அங்கே ஃபிலிம் இளகும், ஒட்டும், மருந்தும் கெடும்.

ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு இருக்கற உருண்டை நசுங்குச்சா இல்லையா என்பதைப் பொறுத்து ஒருத்தர் ராத்திரி நெஞ்செரிச்சல் இல்லாம தூங்கறதும் தூங்காததும் இருக்கு. அடுத்த செமஸ்டரில் பரப்பு இழுவிசை, ஸ்டோக்ஸ் விதி, கண்ணாடி நிலைமாற்றம்னு பாடம் வரும்போது 'இதெல்லாம் எங்கே உதவப் போகுது'ன்னு பக்கத்து பெஞ்சில் யாராவது கேட்டா, பையிலிருந்து ஒரு கேஸ் மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டுங்க.